இல்லை என்று எப்படிச் சொல்வது?

170141183460469231731687303715884105727

இரண்டின் 127ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண் இது, 39 இலக்கம். இது பகா எண் என்று 1876இல் பிரான்சின் எதுவார் லூக்கா கைக்கணக்காகவே கண்டார். 1951வரை அறியப்பட்ட பகா எண்களில் இதுவே பெரியது.

கோட்பாடு படிக்கிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “அத்தனை எண்ணாலயும் வகுத்துப் பார்த்தாராக்கும்? இல்லைன்னா இதுவும் ஒரு நம்பிக்கைதானே. கணிதமும் சொல்லாடல்தான்யா.” கேள்வி நியாயமானது. முடிவுதான் அவசரம்.

பகா எண்ணின் வரையறையே எதிர்மறையானது: ஒன்றும் தானும் தவிர வேறு காரணி இல்லாமை. இருப்பதைக் காட்ட ஒரு சாட்சி போதும், இல்லாமையைக் காட்ட எல்லா இடத்திலும் தேடியாக வேண்டும் என்பது நம் பொதுப்புத்தி. தேடப் புகுந்தால் வர்க்கமூலம்வரை, அதாவது சுமார் 1,30,000 கோடி கோடி எண்கள். நொடிக்கு ஒரு வகுத்தல் என்றால் 40,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயசே 1,400 கோடிக்குள்தான்.

லூக்கா காரணி தேடவே இல்லை. அவர் முறையை 1930களில் லேமர் செப்பனிட்ட வடிவில் சொல்கிறேன். 4இல் தொடங்கி, வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் அதையே. அடுக்கு 127 என்றால் 125 தடவை. கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். ஆகாவிட்டால் பகு எண்.

ஏன் என்பதுதான் விஷயம். எண்ணுக்குக் காரணி இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். மிகச் சிறியதைக் ‘க’ என்போம். அதன் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டாது. இப்போது, கவால் வகுத்த மீதிகளும் மூன்றின் வர்க்கமூலமும் சேர்ந்த ஓர் எண்ணுலகு. கடைசி மீதி பூஜ்யம் என்றால், அவ்வுலகில் ‘இரண்டு கூட்டல் மூன்றின் வர்க்கமூலம்’ என்ற உறுப்பைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டு போக, சரியாக இரண்டின் 127ஆம் அடுக்கு அடிகள் வைத்த பிறகே ஒன்றுக்குத் திரும்பும். அதுவரை ஒவ்வொரு அடியும் புது இடம். ஆனால் பூஜ்யம் நீங்கலாக அங்கே உள்ள இடங்களே கவின் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. அத்தனை அடி வைக்க இடமில்லை. ஆக, காரணி தேடிக் கிடைக்காமல் போனதல்ல. இருக்க அதற்கு இடமே இல்லை. இதில் லூக்காவை நம்புவதற்கு என்ன இருக்கிறது?

பொதுப்புத்தியின் மறுபாதியும் தப்பவில்லை. இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணைப் பகா எண் என்று 1644இல் மெர்சென் பட்டியலிட்டிருந்தார். அது பகு எண் என்று அதே 1876இல் லூக்கா காட்டினார், ஆனால் ஒரு காரணியையும் காட்டவில்லை. 193707721, 761838257287 என்ற இரண்டையும் 1903இல் அமெரிக்கரான கோல்தான் முன்வைத்தார். இடைப்பட்ட 27 வருஷமும் காரணி உண்டு என்று தெரியும். எது என்று தெரியாது.

நண்பருக்கு அடுக்கு 13ஐ, அதாவது 8191ஐக் கொடுத்திருக்கிறேன். பதினொரு தடவை, ஒரு மாலைப்பொழுது. ஏழாவது தடவை 36 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ பிசகு. பத்தாவதில் 128. அதன் வர்க்கம் 16384; இரண்டு போனால் 16382, சரியாக 8191இன் இரு மடங்கு.