ஊர் மாறினால் விளைச்சலும் மாறும்: வீரிய ஒட்டு தர்பூசணியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கோடையில் குறைந்த நாட்களில் பணம் தரும் பயிர்களுள் தர்பூசணி முக்கியமானது. விழுப்புரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை மாவட்டங்களில் மார்கழி, தை மாதங்களில் விதைத்துக் கோடைத் தொடக்கத்தில் அறுவடை செய்கின்றனர். இப்போது வீரிய ஒட்டு ரகங்களே பெருமளவில் சாகுபடியாகின்றன. இவற்றின் விதை விலை அதிகம். ஒட்டுப் பழத்திலிருந்து எடுத்த விதையை மறுபடி விதைத்தால் குணங்கள் பிரிந்து கொடிக்குக் கொடி காய் மாறுபடும். ஆதலால் ஒவ்வொரு பருவத்திற்கும் புது விதை வாங்க வேண்டும். ரகத் தேர்வில் தவறினால் விதைச் செலவுடன் ஒரு பருவமும் வீணாகும்.

"பக்கத்து ஊரில் நன்றாகக் காய்த்த ரகத்தைத்தான் போட்டேன். என் நிலத்தில் காய்க்கவில்லை" என்று விவசாயிகள் பலர் கூறுவதுண்டு. இதற்கு விதைதான் காரணம் என்று கொள்வது எப்போதும் சரியன்று. மண், நீர், வெப்பம், நோய் ஆகியவை மாறும்போது எல்லா ரகங்களும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை. ஓரிடத்தில் முதலாவதாக வந்த ரகம் வேறோரிடத்தில் கடைசியாக வரலாம்.

மாறுபாட்டிற்குக் காரணங்கள்

தர்பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே தோன்றும். வெப்பமும் பகல் நேரமும் கூடும்போது ஆண் பூக்கள் மிகுந்து, பெண் பூக்கள் குறையும். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டாலும் கொடிதான் ஓடும். இந்தக் குறைவு ரகத்துக்கு ரகம் வேறுபடும். எனவே மார்கழி விதைப்பில் சிறந்த ரகம் மாசி விதைப்பிலும் சிறக்கும் என்று சொல்ல முடியாது.

வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான நிலத்தில் வேர் நன்கு ஓடும். நீர் தேங்கும் களிமண்ணில் வேரழுகல் வரும். மெல்லிய தோலுள்ள ரகங்களின் காய்கள், நிலம் நன்றாகக் காய்ந்தபின் ஒரேயடியாக நீர் பாய்ச்சினால் வெடித்துவிடும். தடித்த தோலுள்ளவை ஓரளவு தாங்கும்; லாரியில் தொலைதூரம் அனுப்பவும் ஏற்றவை.

பனி மிகுந்த இடங்களில் அடிச்சாம்பல் நோயும், இலைப்பேன் மிகுந்த வறண்ட காலத்தில் மொட்டுக் கருகல் நச்சுயிரி நோயும் விளைச்சலைக் கெடுக்கும். நோயைத் தாங்கும் குணமற்ற ரகம் நோயில்லாத ஊரில் மட்டுமே முதலிடம் பெறும்.

சராசரியை மட்டும் நம்பலாகாது

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் ரகம் வளமான நிலத்தில் ஏக்கருக்கு 20 டன்னும், நீர்ப் பற்றாக்குறையுள்ள நிலத்தில் 8 டன்னும் தருவதாகக் கொள்வோம். இரண்டாவது ரகம் முறையே 15 டன்னும் 13 டன்னும் தருகிறது. இரண்டிற்கும் சராசரி 14 டன்தான். ஆனால் கிணற்றில் நீர் நிச்சயமில்லாத சிறு விவசாயிக்கு இரண்டாவது ரகமே ஏற்றது. சொட்டு நீரும் போதிய உரமும் கொடுக்கக்கூடியவர் முதல் ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

சொந்த நிலத்தில் சோதனை

புது ரகத்தை முதல் ஆண்டிலேயே நிலம் முழுவதும் போடாமல், 10 சென்ட் அளவில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அதற்கான முறை:

1. இரண்டு அல்லது மூன்று புது ரகங்களுடன், தங்களுக்குப் பழக்கமான ரகம் ஒன்றையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்து விதைக்கவும்.

2. ஒவ்வொரு ரகத்தையும் நிலத்தின் மேட்டுப் பகுதி, நடுப் பகுதி, பள்ளப் பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் ஒவ்வொரு வரிசை போடவும். ஒரு ரகம் நல்ல மண்ணிலும் மற்றொன்று மோசமான மண்ணிலும் அமைந்தால் முடிவு தவறாகும்.

3. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்து, உரம், நீர், மருந்து ஆகியவற்றை ஒரே அளவில் கொடுக்கவும்.

4. பெண் பூ ஒரு நாள் மட்டுமே மலர்ந்திருக்கும். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். பூக்கும் காலத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளித்துவிட்டு, காய் பிடிக்கவில்லை என்று ரகத்தைக் குறை சொல்லக்கூடாது.

5. அறுவடை நாள், விற்பனைக்கேற்ற காய்களின் எண்ணிக்கை, எடை, வெடித்த காய்கள், இனிப்பு ஆகியவற்றை நோட்டில் குறித்து வைக்கவும். காய்க் காம்பருகே உள்ள பற்றுக்கம்பி காய்ந்து, தரையில் படிந்த பாகம் மஞ்சளான பின்னரே பறித்து இனிப்பை ஒப்பிடவும்.

6. விதைப் பையையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கவும். முளைப்புக் குறைந்தால் முறையிட இவை உதவும்.

ஓர் ஆண்டு மழையும் வெயிலும் அடுத்த ஆண்டு இருப்பதில்லை. ஆகவே குறைந்தது இரண்டு பருவங்கள் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இரண்டு பருவங்களிலும், மூன்று வரிசைகளிலும் சோடை போகாத ரகமே நம் நிலத்துக்குரிய ரகம். அக்கம்பக்கத்து விவசாயிகள் நால்வர் சேர்ந்து ஆளுக்கொரு நிலத்தில் இச்சோதனையைச் செய்தால், அந்த ஊருக்கே ஏற்ற ரகத்தைக் குறைந்த செலவில் கண்டறிந்து பயன் பெறலாம்.