மலையேறுவார் சுமை

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரமுடையது. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை அடியார் பலர் இரவில் ஏறி, விடியலிற் சூரியோதயங் கண்டு வணங்குவர். நல்லதண்ணி வழியில் 5,000 இற்கு மேற்பட்ட படிகள் உள. இப்பயணத்துக்கு மூட்டை கட்டுதலும் ஓர் அறிவாம்.

ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். கடற்கரையில் 25 பாகையெனின், சிகரத்தில் ஏறக்குறைய 12 பாகையாம். ஏறுங்கால் உடல் வியர்க்கும். உச்சியில் நிற்குங்கால் அவ்வீரமே உடற்சூட்டைக் கவரும். நனைந்த பருத்தியாடை வெப்பத்தைக் காவாது. கம்பளி ஓரளவு காக்கும். ஆதலின் கம்பளிச் சட்டையும் உலர்ந்த மாற்றாடையும் நீர் புகாத உறையிலிட்டு அடியில் வைத்தல் வேண்டும்.

பாரமான பொருள்கள் முதுகெலும்பை ஒட்டி நடுவில் அமைதல் நன்று. அவற்றைப் புறத்தே தள்ளி வைப்பின் சுமை பின்னிழுக்கும். ஏறுவோன் முன்வளைந்து விரைவில் இளைப்பான். மின்சூள், மழையாடை, குடிநீர் என்பன கைக்கெட்டும் மேற்பகுதிக்குரியன. மொத்தச் சுமை உடல் நிறையில் ஐந்திலொரு பங்கை விஞ்சலாகாது.

குறையக் கொண்டுவந்தவனைப் பிறர் போர்த்தவேண்டும். மிகக் கொண்டுவந்தவனுக்காகப் பிறர் சுமக்கவேண்டும். ஆதலின் மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், புறப்படுமுன் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தல் கடனாகும்.