மெட்ரிக் அளவைகளும் நம் உழவரும்

உழவரின் உழைப்பு இறுதியில் அளவையின் வழியாகவே பணமாகிறது. அளவை பிறழ்ந்தால் உழைப்பின் பயனும் பிறழும். இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய மரக்காலைக் குறிப்பிடுகின்றன. எனினும் பிற்காலத்தில் படியும் மரக்காலும் வீசையும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டன. ஓரூரில் அளந்த நெல் மற்றோர் ஊரில் குறைவதும், அதனால் பூசல் எழுவதும் இயல்பாயின.

இவ்விடர்ப்பாடு பிற நாடுகளிலும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டில் தோன்றிய மெட்ரிக் முறை, அளவைகளைப் பத்தின் மடங்குகளாக அமைத்தது. 1875 மே 20 அன்று 17 நாடுகள் பாரிசு நகரில் மீட்டர் உடன்படிக்கை செய்துகொண்டன. நம் பாராளுமன்றம் 1956இல் எடை, அளவுகளுக்கான தரச் சட்டத்தை இயற்றியது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1960இல் பன்னாட்டு அலகு முறை வகுக்கப்பெற்றது. நெடுங்காலம் பாரிசு நகருக்கு அருகே காக்கப்பெற்ற ஓர் உலோகக் கட்டியே கிலோகிராமுக்கு மூலமாக இருந்தது. 2019 மே 20 முதல், இயற்கையில் என்றும் மாறாத ஓர் எண்ணே அதற்கு மூலமாயிற்று. ஆகவே, மேலூர்ச் சந்தையின் கிலோவும் டோக்கியோ நகரின் கிலோவும் ஒன்றே.

அளவை ஒன்றானாலும் நாம் விழிப்போடிருத்தல் வேண்டும். திருவாதவூர்ப் பகுதியில் நிலத்தை ஏக்கர், சென்ட் என்றே வழங்குகிறோம். வேளாண்மை நூல்களோ உர அளவைப் பெரும்பாலும் ஹெக்டேர்க் கணக்கில் கூறுகின்றன. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர், அதாவது 247 சென்ட் ஆகும். ஹெக்டேருக்கு 100 கிலோ யூரியா எனில், ஏக்கருக்கு ஏறத்தாழ 40 கிலோவும், 60 சென்ட் நிலத்துக்கு 24 கிலோவுமே தேவை. ஹெக்டேரை ஏக்கர் எனக் கருதிவிட்டால், அந்த 60 சென்டுக்கு 60 கிலோ இட நேரும். பணம் விரயமாவதோடு, நெற்பயிர் மிகையாகத் தழைத்துச் சாயும். பூச்சியும் நோயும் பெருகும்.

விற்பனையிலும் இதே கவனம் தேவை. 100 கிலோ கொண்ட குவிண்டாலுக்கு ஒரு கிலோ எடை குறைந்தால், 20 குவிண்டால் நெல்லில் 20 கிலோ இழப்பாகும். ஆதலின் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்றும், பொருள் வைக்குமுன் அது சுழியத்தில் நிற்கிறதா என்றும் நோக்குதல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் உழவருக்குக் காவலாக உள்ளது. குறை காணின், தொழிலாளர் துறை அலுவலரிடம் முறையிடலாம். சட்டம் தந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டுவதில்லை.