காட்சிகளைத் தேடும் கணிதம்

குறிப்பு எழுதப்படாத சலனப்படம், சேமிப்பில் இருந்தும் இல்லாததற்கே ஒப்பாகும். அதில் வேண்டிய காட்சியை எங்ஙனம் கண்டெடுப்பது?

2003-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிவிக், சிஸர்மன் ஆகிய இருவர் ஒரு வழி காட்டினர். படச்சட்டத்தின் சிறு பகுதிகளை அளந்து, ஒத்த தோற்றமுடையவற்றைத் தொகுத்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரு 'சொல்' எனக் கொண்டனர். படச்சட்டம் ஏடாயிற்று, ஏடுகளைத் தேடும் முறை படத்திற்கும் பொருந்தியது.

ஆயினும் ஒரே பொருளைக் காட்டும் இரு காட்சிகளில் பொதுச் சொற்கள் மிகச் சிலவாகவே இருக்கக்கூடும். இங்குப் புள்ளியியல் துணைபுரிகிறது. பிளை, இங், ஜோர்டன் ஆகியோர் அதே ஆண்டில் நூல்களுக்கென வெளியிட்ட முறை, ஒவ்வோர் ஏட்டையும் பல கருப்பொருள்களின் கலவையாகக் கொள்கிறது. சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு அக்கருப்பொருள்களை உய்த்துணர்கிறது. படத்திலும் அவ்வாறே. சக்கரத்தின் வளைவும் விளக்கின் விளிம்பும் பலகாலும் சேர்ந்து வருமாயின், அவை ஒரே கருப்பொருளில் அடங்கும். பின்னர், சக்கரம் மறைந்த காட்சியும் தேடுவோர்க்குக் கிட்டும்.

எனினும் அக்கருப்பொருளுக்கு 'மோட்டார் வண்டி' என்று பெயரிட இம்முறை அறியாது. சொற்களின் வரிசையையும் அது கருதுவதில்லை. இன்று நரம்பு வலையமைப்பு முறைகள் இக்குறைகளைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும், கிடைத்த காட்சி வேண்டியதுதானா எனத் தீர்ப்பது தேடுவோர் பொறுப்பேயாகும்.