பொன்வெள்ளிப் பூ

மருந்துப் பூண்டைக் காய்ச்சிப் பருகுவோர், அதன் சாரம் உடலிற் சேர்கின்றது என்னுந் துணிவோடு அமைவர். அச்சாரம் யாது? அற்கலோயிட்டுகள், எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் முதலிய சிறு பொருள்கள் என்பதே இரசாயனவியலார் கூறிவந்த விடை. செடியின் பரம்பரைச் செய்தியோடு தொடர்புடைய மூலக்கூறுகளும் கஷாயத்தோடு உட்புகுந்து வினைபுரியுமோ என்னும் வினா சீனநாட்டில் எழுந்து, அறிஞரிடையே பெருவாதம் விளைத்துள்ளது.

அம்மூலக்கூறு நுண் ஆர்.என்.ஏ. எனப்படும். ஏறக்குறைய 22 எழுத்தளவே நீளமுடைய இச்சிறு கருவமிலம், தனக்கேற்ற எழுத்தொழுங்குடைய செய்தி ஆர்.என்.ஏ.யைப் பற்றி, அது புரதமாக வெளிப்படாதவாறு தடுக்கும். 1993 இல் ஒரு சிறு புழுவிலே இதனை வெளிப்படுத்திய விக்டர் அம்புரோஸ், காரி றவ்குன் இருவரும் 2024 இல் நோபல் பரிசு பெற்றனர்.

2012 இல், நாஞ்சிங் பல்கலைக்கழகத்துச் சாங் சென்யூ குழுவினர், அரிசிக்குரிய நுண் ஆர்.என்.ஏ. ஒன்று மனிதர் குருதியிற் காணப்படுகின்றது என்றும், எலியின் ஈரலிற் கொழுப்பை அகற்றும் புரதமொன்றை அது குறைக்கின்றது என்றும் எழுதினர். மறுப்பும் விரைந்து எழுந்தது. 2013 இல் வேறொரு குழுவினர் எலிகளுக்கு அரிசி ஊட்டிப் பார்த்தபோது, கருதத்தக்க அளவில் அதனைக் காணவில்லை. கொழுப்பு மாறியது சமனற்ற உணவினால் என்பது அவர் கூற்று. அக்குழுவில் மொன்சாண்டோ நிறுவனத்தாரும் இருந்தனர். எவர் கூறினும் எடைபோட வேண்டியது சான்றையே.

அடுத்து வந்தது ஒரு பூ. வெண்மையாய் மலர்ந்து பின் பொன்னிறமடைதலால், சீனர் இதனை 'ஜின் யின் ஹுவா', அதாவது பொன்வெள்ளிப் பூ என்பர். காய்ச்சலுக்கு இதன் கஷாயத்தை நெடுங்காலமாக வழங்குவர். கொதிநீரிற் பெரும்பாலான ஆர்.என்.ஏ. சிதையும், இப்பூவின் எம்.ஐ.ஆர். 2911 என்பதோ நிலைத்து நின்றது. அது எலியின் உடலிற் சேர்ந்து இன்புளுவென்சா வைரசைத் தாக்குகின்றது என நாஞ்சிங் குழுவினர் 2015 இல் வெளியிட்டனர். அமெரிக்க ஆய்வாளரும் அதே ஆண்டில், தாவர உணவுண்ட எலிகளின் குருதியில் இதனைக் கண்டனர். 2020 இல் கொவிட் நோயாளர் சிலரிடமும் இதன் பயன் பேசப்பட்டது. ஆயினும், கஷாயம் பருகியோர் தொகை மிகச் சிறிது. 2021 இல், இரைப்பையிலுள்ள ஒரு புரதம் இம்மூலக்கூறுகளை உள்ளேற்கும் வாயிலாகின்றது என்றும் அக்குழுவினர் கூறினர்.

இங்கே இலக்கண மாணாக்கன் அறிந்த வேறுபாடொன்று துணை செய்யும். எழுவாய் நின்ற அளவில் வாக்கியம் முற்றுப்பெறாது, பயனிலை வேண்டும். குருதியில் ஒரு பொருள் உளது என்பது எழுவாய். நோயை நீக்கிற்று என்பது பயனிலை. கலந்தோறும் போதிய படிகள் சென்றடைந்தாலன்றி நுண் ஆர்.என்.ஏ. வினைபுரியாது, இரைப்பையும் குடலும் கடந்து மனிதரில் அவ்வளவு சேர்கின்றதா என்பதே முடியாத வழக்கு.

மூதாதையர் மருந்தெல்லாம் மெய்யெனத் துள்ளுதலும், பொய்யென எள்ளுதலும் எளியன. இரண்டும் நோயாளிக்கு உதவா. எதிர்த்தரப்பாரே செய்துபார்த்தும் அதே விளைவு கிட்டுமாயின், அன்று இக்கஷாயத்தின் புகழ் எவராலும் அசைக்கப்படாது. கிட்டாதாயின், பூவின் ஆற்றலை அதன் வேறு பொருள்களில் தேடுவதே முறை. நம்பி உயிரை ஒப்படைப்பவனுக்கு மருத்துவன் செலுத்தவேண்டிய கடன் அச்சோதனையே.