கட்டிப்போட்ட நொதி

அமாக்சிசிலின் நுழையாத வீடு நம் ஊரில் குறைவு. அதற்கு மூலப்பொருள் 6-ஏபிஏ என்னும் வெள்ளைத் தூள். பூஞ்சை தரும் பெனிசிலின்-ஜியிலிருந்து ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டினால் அது கிடைக்கும். ஆனால் அருகிலேயே இருக்கும் பீட்டா-லாக்டம் வளையம் சுலபமாக உடையக்கூடியது. அது உடைந்தால் மருந்தே இல்லை.

1970-களில் இந்த வெட்டு பெரும்பாலும் ரசாயனத்தின் வேலை. வளையத்தைக் காப்பாற்ற மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க வேண்டும், ஈரம் ஆகாது. ஒரு கிலோ 6-ஏபிஏவுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, 8 லிட்டருக்கு மேல் டைகுளோரோமீத்தேன், ஏறக்குறைய அதே அளவு பியூட்டனால். மருந்து ஆலையா, கரைப்பான் கிடங்கா?

இத்தனைக்கும் இதைத் தண்ணீரிலேயே, வெதுவெதுப்பான சூட்டில், வளையத்தைத் தொடாமல் செய்துமுடிக்கும் பெனிசிலின் அசைலேஸ் நொதி 1960-லேயே தெரிந்த ஒன்றுதான். ஈ. கோலை பாக்டீரியாவில் உண்டு. ஆலைகள் முதலில் அந்த வழியில்தான் போயின. ஆனால் குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? ஒவ்வொரு பேட்சுக்கும் புது நொதி வேண்டும். மிச்சப் புரதம் மருந்தில் தங்கினால் ஒவ்வாமை வரும். கணக்குப் பார்த்தவர்கள் ரசாயனத்துக்கு மாறினார்கள்.

அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது புது நொதி அல்ல, பழைய நொதியைக் கட்டிப்போடும் வித்தை. கரியில் ஒட்டிய பிறகும் சர்க்கரையை உடைக்கும் நொதி வேலை செய்வதை நெல்சனும் கிரிஃபினும் 1916-லேயே கண்டிருந்தார்கள். ஜப்பானின் தனாபே நிறுவனம் 1969-ல் அமினோ அமிலத் தயாரிப்பில் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தது.

இன்று அசைலேஸ், நுண்துளைகள் கொண்ட பிசின் மணிகளில் பிணைக்கப்படுகிறது. ஒரே இடத்தில் கட்டினால் போதாது. பல இடங்களில் பிடித்தால்தான் புரதத்தின் மடிப்பு குலையாமல் நிற்கும். அதிகம் இறுக்கினால் வேலைத்திறன் குறையும். இந்த இழுபறிதான் இத்துறையின் அன்றாடத் தலைவலி. இன்னொரு தொல்லை: வெட்டுண்ட கிளை அமிலமாக வெளிவந்து மணிக்குள்ளேயே தேங்கி நொதியைச் சோர்வாக்கும். அதனால் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு pH அளவை 8-ஐ ஒட்டி நிறுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் வடிகட்டினால் மணிகள் தனியே வந்துவிடும். அதே மணிகள் நூற்றுக்கணக்கான பேட்சுகளுக்கு உழைக்கும். பிரிந்த அமிலத்தையும் வீணாக்குவதில்லை. பூஞ்சை வளர்க்கும் தொட்டிக்கே அனுப்பலாம்.

ஒரு கிலோவுக்குக் கணக்கு இப்போது எப்படி? அம்மோனியா சுமார் 90 கிராம், மற்றதெல்லாம் தண்ணீர். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடுக்கு இங்கே வேலையே இல்லை.

இப்போது அமாக்சிசிலினை முடிக்கும் படியிலும் சில ஆலைகள் அதே நொதியைத்தான் வைக்கின்றன. வெட்டுவதற்கு அல்ல, புதுக் கிளையை ஒட்டுவதற்கு.