காலையில் தாலி, மாலையில் திரை

முகூர்த்தத்தில் எடுத்த படங்களைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, இசை சேர்த்து, அன்று மாலை ரிசப்ஷனிலேயே எல்இடி திரையில் நாலு நிமிட மாண்டேஜாக ஓடவிடும் வேலையைத் தொழிலில் ‘சேம் டே எடிட்’ என்கிறார்கள். பிலிப்பைன்ஸில் இது பல ஆண்டுகளாக வேரூன்றிய வழக்கம். அங்கே பிற்பகலில் தேவாலயத்தில் திருமணம், இரவில் விருந்து என்பதால் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஒன்பது, பத்தரை முகூர்த்தம் என்றால் மாலை ஆறரைக்குள் எட்டு மணி நேரம் இருக்கிறது. ஆனால் முதல் நாள் மாலையே ரிசப்ஷன், மறுநாள் காலை தாலி என்று நடக்கும் கல்யாணங்களுக்கு இது ஒத்துவராது.

இந்த மாண்டேஜுக்கு ஒரு நியாயமான தேவை உண்டு. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் மணமேடையைச் சுற்றி போட்டோகிராபர், வீடியோகிராபர், லைட் பிடிக்கும் பையன், செல்போன் தூக்கிய சித்தப்பா என்று ஒரு சுவரே எழுந்துவிடும். பின்வரிசையில் இருப்பவர்கள் மேளச் சத்தத்தை நம்பித்தான் அட்சதை போடுகிறார்கள். தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த மண்டபத்தில் சிலரே. மறைத்தவர்களே மாலையில் காட்டவும் வேண்டும் என்பது ஒருவகையில் நியாயம்தான். ஆகவே மேடை அலங்காரத்தையும் மணமக்களின் போஸையும் விட, கூட்டம் தவறவிட்டவைதான் இதில் முதலிடம் பெற வேண்டும்.

வேலை படம் எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. இரண்டு மூன்று கேமராக்கள் இருந்தால் எல்லாவற்றின் கடிகாரத்தையும் காலையிலேயே ஒன்றாக்கிவிட வேண்டும். படங்களைக் கணினி அடுக்குவது எடுத்த நேரத்தை வைத்துத்தான். ஒரு கேமரா பத்து நிமிடம் பிந்தியிருந்தால் தாலி கட்டிய பிறகு கன்னிகாதானம் வரும். இரண்டு கார்டு போடும் கேமராவில் ஒன்றில் ரா கோப்பும் மற்றொன்றில் ஜேபெக்கும் பதிவாகும்படி வைப்பது நல்லது. ஆல்பத்துக்கு ரா, மாலைக்கு ஜேபெக். காசி யாத்திரை, மாலை மாற்றல் முடிந்ததும் கார்டை மாற்றி, நிரம்பியதை மணமகள் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிட்டால், பந்தி முடிவதற்குள் பாதிப் படங்கள் ஏறியிருக்கும்.

அதிக நேரம் தின்பது தேர்வு. காலைச் சடங்குகளிலேயே படங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் ‘போட்டோ மெக்கானிக்’ போன்ற மென்பொருள் ரா கோப்புக்குள் பொதிந்திருக்கும் சிறு படத்தை மட்டும் படித்துக் காட்டுவதால், காத்திருக்காமல் தள்ளிக்கொண்டே போகலாம். முதல் சுற்றில் பிடித்ததை எடுக்க வேண்டுமே தவிர, வேண்டாததைக் கழிக்க முனையக் கூடாது. கழிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும்.

தாலி கட்டும் நொடியையே எடுத்துக்கொள்ளலாம். தொடர்ச்சியாக அமுக்கியதில் முப்பது படங்கள் விழுந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் மாப்பிள்ளையின் கைகள் மணப்பெண்ணின் மாலைக்குப் பின்னால் மறைந்துபோகும். அவள் தலை குனிந்திருப்பாள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, அடுத்த இரண்டையும் நாத்தனார் போடும் குடும்பங்களில், பின்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படம்தான் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லும். அதற்கு அடுத்ததாக வைக்க வேண்டியது மேடையில் இல்லாமலும் இருக்கலாம். அட்சதை விழும்போது மணப்பெண்ணின் அப்பா எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது முப்பது முடிச்சுப் படங்களைவிடப் பெரிது.

எண்ணிக்கை எளிய கணக்கு. நாலு நிமிடம் என்றால் 240 நொடி. படத்துக்கு சராசரி நாலு நொடி வைத்தால் 60 படம். தனி முகம் மூன்று நொடியில் போதும். குடும்பப் படத்துக்கு ஐந்தாறு நொடி வேண்டும், ஏனெனில் அதில் இருப்பவர்கள் முதலில் தங்களைத் தேடுவார்கள். இரு வீட்டுப் பெரியவர்களும் ஒருமுறையாவது வந்தார்களா என்று தனியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். விட்டுப்போன மாமாவை எந்த எடிட்டிங்கும் சமாதானப்படுத்தாது.

வண்ணம் திருத்துவதில் ஆல்பத்துக்குரிய கவனம் தேவையில்லை. ஊதா எல்இடி, மஞ்சள் விளக்கு, வீடியோ லைட் மூன்றும் கலந்த முகங்களில் தோல் நிறத்தைச் சரிசெய்தால் போதும். ஹோமப் புகை மங்கடித்த படங்களுக்குக் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றலாம். படங்களைக் கோப்பதற்கு ஒரு காலத்தில் ஸ்டுடியோக்களில் ‘ப்ரோஷோ’ என்ற மென்பொருள் இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனம் 2020-இல் மூடப்பட்டது. இப்போது பிரீமியர் ப்ரோ, இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் என்று வசதிகள் நிறைய. பக்கம் புரள்வது, இதய வடிவத்தில் விரிவது போன்ற எஃபெக்டுகள் படத்தை முந்திக்கொண்டு நிற்கும். ஒன்று மற்றொன்றில் மெல்லக் கரைவதே போதும்.

திரையின் அளவைக் கேட்காமல் ஏற்றுமதி செய்வது வழக்கமான சறுக்கல். மண்டபங்களில் அடிக்கடி வைக்கப்படும் திரை 12 அடிக்கு 8 அடி. அது 3:2 விகிதம். கேமராவின் படமும் பெரும்பாலும் அதே விகிதம். வழக்கம்போல் 16:9-இல் செய்து கொடுத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், அல்லது ஆபரேட்டர் திரை முழுக்க இழுத்துவிட முகங்களெல்லாம் நீண்டுபோகும். 1620×1080 என்று அமைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. கூர்மை பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். பி3 எனப்படும் திரையில் புள்ளிகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி. 12 அடி அகலத்தில் ஏறத்தாழ 1,200 புள்ளிகளே இருக்கும். ஆறாயிரம் புள்ளி அகலமுள்ள படத்தின் நுணுக்கமெல்லாம் அங்கே காணாமல் போய்விடும். ஆனால் எல்இடியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைப்பது. லேப்டாப்பில் சரியாக இருந்த வெண்பட்டு வேட்டி அங்கே வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும். ஆகவே விருந்தினர் வருமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். எம்பி4 கோப்பை இரண்டு பென்டிரைவில் வைத்திருப்பதும், ஒலி இணைப்பு மெல்லிசைக் குழுவின் மிக்சருக்குப் போகிறதா என்று பார்ப்பதும் அந்த நேரத்து வேலைகள்.

இசைக்கு சினிமாப் பாட்டைத்தான் பலரும் கேட்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆவது பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தையொட்டிய விழாக்களிலும் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை ஓர் அறிவிப்பால் மீண்டும் தெளிவுபடுத்தியது. அந்த விலக்கு விழாவோடு நிற்கிறது. அதே மாண்டேஜை இரவே யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளர் பெயரில் கோரிக்கை வரலாம், ஒலி முடக்கப்படலாம். காலையில் பதிவு செய்த நாதஸ்வரத்தையும் தவிலையும் அடியில் ஓடவிடுவது ஒரு மாற்று. கெட்டிமேளம் எழும் இடத்தில் தாலிப் படம் விழும்படி வெட்டினால் அதற்கு ஈடான பாட்டும் கிடைக்காது. வாசித்த கலைஞர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொள்வது முறை. இணையத்துக்கென்று உரிமம் பெற்ற இசையோடு தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

மாலை முடிந்தாலும் கார்டுகளை அழிக்கக் கூடாது. அவசரத்தில் லேப்டாப்பில் ஏற்றியது ஒரே ஒரு பிரதிதான். இன்னொரு ஹார்டு டிஸ்கிலும் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டுகள் அடுத்த கல்யாணத்துக்குப் போக வேண்டும்.